"உனக்கென்ன, குடும்பமா குட்டியா?" – சபை வேலையில மூச்சு முட்டுற ஒரு தங்கச்சிக்கு

மலேசியாவுல, பேராக் மாநிலத்துல செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்கு நடுவுல இருக்கிற ஒரு சின்ன ஊர்லேருந்து இந்தக் கடிதம் வந்துச்சு. பேரு, ஊரு எல்லாத்தையும் எடுத்துட்டேன், ஆள் தெரியக்கூடாதுன்னு ஒண்ணு ரெண்டு விஷயத்த மாத்தியும் வச்சிருக்கேன்.

தங்கச்சிக்கு 36 வயசு, கல்யாணம் ஆகல. செம்பனை ஆலை ஆபீஸ்ல கிராணி (குமாஸ்தா) வேலை, திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் காலையில 8 மணிக்குப் போய் 5 மணிக்கு இறங்கணும், சனிக்கிழமை 1 மணி வரைக்கும், சம்பளம் 2,300 வெள்ளி (ரிங்கிட்). அப்பா தவறிட்டார். அண்ணன் ஜொகூர்ல குடும்பத்தோட இருக்கார். அம்மாவுக்கு ரெண்டு வருஷமா டயாலிசிஸ், திங்கள், புதன், வெள்ளி காலையில முதல் ஷிப்ட், சென்டர் இருக்கிறது 25 கிலோமீட்டர் தள்ளி. அந்த மூணு நாளும் நாலரைக்கு எழுந்திரிச்சு அம்மாவக் கொண்டுபோய் விட்டுட்டு அப்படியே வேலைக்குப் போறாங்க. திரும்பக் கூட்டிட்டு வர்றது பக்கத்து வீட்டு அண்ணன், ஒரு தடவைக்கு 20 வெள்ளி.

இதுக்கு மேல சபை. முப்பது குடும்பம் இருக்கிற சின்ன சபை. ஞாயிறு காலையில ஆறரைக்கு சபையோட வான் வண்டிய எடுத்து மூணு தோட்டத்துல ஆள் ஏத்தணும், அப்புறம் சண்டே ஸ்கூல், ஆராதனையில கீபோர்ட், முடிஞ்சதும் திரும்ப எல்லாரையும் வீட்ல விடணும், இவங்க வீட்டுக்கு வர்றப்ப மணி ரெண்டு. புதன் ராத்திரி ஜெபக்கூட்டம். வியாழன் ராத்திரி உக்காந்து சபைத்தாள் டைப் பண்ணணும். வெள்ளி ராத்திரி கொயர். சனிக்கிழமை சாயங்காலம் சபைய கூட்டித் துடைக்கிறது, பூ வைக்கிறது. மாசத்துல முதல் வெள்ளி முழு இரவு ஜெபம், காலையில 4 மணிக்கு முடியும், அங்கயும் வான் இவங்கதான். யாராவது "ஏம்மா கொஞ்சம் பாத்துக்கோ"ன்னு சொன்னா பின்னாடியே "உனக்கென்ன, குடும்பமா குட்டியா"ன்னு ஒண்ணு வருமாம்.

இப்போ போதகர் ஒரு யோசனை சொல்லியிருக்கார், வேலைய விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துடு, மாசம் 800 வெள்ளி அன்பின் காணிக்கையா சபை குடுக்கும், கல்யாணம் ஆகாதவங்க கர்த்தருக்குரியத பத்தித்தான் கவலைப்படணும்னு பவுலே சொல்லியிருக்கார், காலம் கொஞ்சம்தான் இருக்குன்னு. தங்கச்சி கேக்கறது மூணு கேள்வி. ராத்திரி 11 மணிக்கு மேல படுத்துக்கிட்டு ஒரு மணி வரைக்கும் போன்ல வீடியோ பாக்குறேன், இது தேவனுக்குக் குடுக்கவேண்டிய நேரத்த திருடுறதா, இத எப்படி ஊழியத்துக்குத் திருப்பறது? வேலைய விடலாமா? போன மாசம் முழு இரவு ஜெபம் முடிஞ்சு வர்றப்ப வான் ரோட்ட விட்டு இறங்கி கான் (சாக்கடை) ஓரத்துல நின்னுடுச்சு, அது ஊழியத்துக்கு வந்த பிசாசோட தடையா? இது போக, ரெண்டு மாசமா காரணமே இல்லாம பாத்ரூம்ல அழறேன்னு ஒரே ஒரு வரியில எழுதிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க.

தங்கச்சி, கடைசிக் கேள்விய முதல்ல எடுத்துக்கிறேன், அதுதான் அவசரம்.

வான் விஷயம்

வெள்ளிக்கிழமை நாலரைக்கு எழுந்திரிச்சீங்க. அம்மாவ விட்டீங்க, வேலைக்குப் போனீங்க, ராத்திரி கொயர், அப்படியே முழு இரவு ஜெபம். சனிக்கிழமை காலையில 4 மணிக்கு வான்ல ஆறு அம்மாமார ஏத்திக்கிட்டு செம்பனைக்குள்ள லைட் இல்லாத ரோட்டுல போறீங்க. அந்த நேரம் நீங்க முழிச்சு இருபத்து மூணரை மணி நேரம் ஆச்சு. தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தா ஒருத்தரோட கவனம் ரத்தத்துல 0.05 சதவீதம் சாராயம் இருக்கிற ஆள் மாதிரி ஆயிடும்னு ஆராய்ச்சியில சொல்லியிருக்காங்க, நம்ம நாட்டுல 2020-ல சட்டத்த திருத்தினதுக்கு அப்புறம் குடிச்சிட்டு ஓட்டுறதுக்கான வரம்பே அதுதான். 24 மணி நேரம்னா கிட்டத்தட்ட அதுக்கு ரெண்டு மடங்கு. அதாவது ஜெபம் ஆரம்பிக்கிறப்பவே நீங்க அந்தக் கோட்ட தாண்டிட்டீங்க. ஸ்டியரிங்ல உங்களத் தூங்க வச்சது பிசாசு இல்ல தங்கச்சி, தூக்கம். அத ஆவிக்குரிய போராட்டம்னு பேர் வச்சுட்டா என்ன ஆகும்னா, அடுத்த மாசம் இன்னும் அதிகமா ஜெபம் பண்ணிட்டு அதே வான அதே நேரத்துக்கு ஓட்டுவீங்க. ஆறு பேர் வீட்டுக்கும் பதில் சொல்ற நிலைமை வந்துடக்கூடாது. முழு இரவு ஜெபத்துக்கு இனிமே நீங்க வான் எடுக்கறதில்ல. இதுல பேச்சே இல்ல, மத்ததெல்லாம் மெதுவா யோசிக்கலாம்.

இன்னொண்ணும் கவனிச்சேன், நீங்க கவனிச்சீங்களான்னு தெரியல. டயாலிசிஸ் திங்கள், புதன், வெள்ளி. ஜெபக்கூட்டம் புதன், கொயர் வெள்ளி. நாலரைக்கு எழுந்திரிக்கிற அதே நாள்லதான் ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வர்றீங்க. உங்க கடிதத்த படிச்சிட்டு ஒரு தாள்ல ஏழு நாளையும் கோடு போட்டு எழுதிப் பாத்தேன். சபைக்கு மட்டும் வாரத்துக்கு 16 மணி நேரத்துக்கு மேல வருது, வேலை 45 மணி நேரம், ஆனா எனக்கு உறுத்தினது அந்தக் கூட்டுத்தொகை இல்ல. மணிக்கணக்க மட்டும் பாத்தா எப்படியோ 168-க்குள்ள அடங்கிடுது. செவ்வாய்க்கிழமை ஒண்ண தவிர வேலையோ களைப்போ இல்லாத ஒரு சாயங்காலமும் உங்களுக்குன்னு இல்ல, அந்தச் செவ்வாய்லயும் துணி துவைக்கிறேன்னு எழுதியிருக்கீங்க. நேரம் துண்டு துண்டா நிறைய இருக்கு, முழுசா ஒண்ணும் இல்ல.

போன் பாக்குறது திருட்டா?

இல்ல. பகல் பூரா ஒரு நிமிஷம்கூட தனக்குன்னு இல்லாதவங்க ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு தூங்க மனசு வராம உக்காந்திருப்பாங்க, தூங்கிட்டா உடனே காலையில நாலரை வந்துடும்ல. எங்கிட்ட வர்ற சின்னப் பிள்ளைங்கள வச்சிருக்கிற அம்மாங்க, ரெண்டு ஷிப்ட் பாக்குற ஆம்பளைங்க, எல்லாரும் இதையே சொல்றாங்க. அந்த ரெண்டு மணி நேரத்த பிடுங்கி பைபிள் பிளான், ஜெபக் குறிப்புன்னு நிரப்பினா ரெண்டு வாரம் ஓடும், அப்புறம் மூணு மணி வரைக்கும் போன் பாப்பீங்க. பகல்ல உங்களுக்கு ஒரு முழு சாயங்காலம் கெடைக்கட்டும், ராத்திரிப் போன் தானா சுருங்கும். சபை வாட்ஸ்அப் குரூப்ப மட்டும் ராத்திரி ஒன்பதுக்கு மேல மியூட்ல போடுங்க. பதினோரு மணிக்கு யாரோ அனுப்புற ஆமென் ஸ்டிக்கருக்கு நீங்க பதில் போடலன்னா பரலோகத்துல ஒண்ணும் குறைஞ்சு போகாது.

எபேசியர் 5:16-அ எழுதி, "காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்"ன்னா ஒரு நிமிஷமும் வீணாக்கக்கூடாதுன்னுதானே அக்கான்னு கேட்டிருக்கீங்க. அங்க இருக்கிற கிரேக்க வார்த்தை கைரோஸ். அது கடிகாரத்துல ஓடுற நேரம் இல்ல, ஒண்ணுக்கு ஏத்த வேளை. "பிரயோஜனப்படுத்துறது"ங்கற இடத்துல இருக்கிறது சந்தையில விலை குடுத்து வாங்கி மீட்கிறதுக்குச் சொல்ற வார்த்தை. விலை குடுத்து ஒண்ண வாங்குறவங்க கையில இருக்கிற காச பாத்துட்டு, இது வேணும் அது வேணாம்னு விட்டுட்டுத்தான் வாங்க முடியும். பாசார் மாலாம்ல (இரவுச் சந்தையில) எல்லாக் கடையிலயும் வாங்குறவங்க யாரும் இல்ல.

எங்க அம்மா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவங்க. இருட்டோட தலையில லைட்ட கட்டிக்கிட்டு கிளம்பிடுவாங்க, பத்து மணிக்கு முன்னாடி நெரை (அவங்க பங்கு மர வரிசை) முடிஞ்சிருக்கணும். ஏன்னா வெயில் ஏறிட்டா மரத்துக்குள்ள அழுத்தம் கொறைஞ்சு பால் சரியா ஓடாது, மத்தியானம் ரெண்டு மணிக்கு நின்னு எவ்வளவு வெட்டினாலும் பால் பிடிக்கிற மங்குல சொட்டுதான் விழும். அதான் வேளைங்கறது. அது மட்டும் இல்ல, எங்க தோட்டத்துல ஒரு மரத்த ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவாங்க. பேராசைப்பட்டு தினமும் வெட்டினா, கொஞ்ச நாள் பால் வரும், அப்புறம் பட்டை காய்ஞ்சுடும், அந்த மரம் பாக்க பச்சையாத்தான் நிக்கும், உளி வச்சா ஒண்ணும் வராது. வேலைய மேற்பார்க்கிற மண்டோர் அந்த மரத்துல சுண்ணாம்புல ஒரு கோடு போட்டுட்டுப் போயிடுவார், இத தொடாதீங்கன்னு. பாத்ரூம்ல அழறேன்னு நீங்க எழுதின வரிய படிச்சப்ப எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வந்துச்சு.

அந்த அழுகைய சும்மா விடாதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இப்படி இருந்தா, தூக்கம் கெட்டு, எதுலயும் மனசு ஒட்டாம போனா, அது விசுவாசக் குறைச்சல் இல்ல, உடம்பும் மனசும் சேந்து குடுக்கிற தகவல். உங்க ஊர் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார கிளினிக்) போங்க, நம்ம குடிமக்களுக்கு 1 வெள்ளிதான், ரத்தம், தைராய்டு, இரும்புச்சத்து எல்லாம் பாக்கச் சொல்லுங்க, மனச்சோர்வு இருக்கான்னு கேள்வித்தாள் வச்சுப் பாப்பாங்க, அதையும் கேளுங்க. எலியா சாகணும்போல இருக்குன்னு சூரைச்செடிக்குக் கீழ படுத்தப்ப தேவதூதன் பிரசங்கம் பண்ணல, எழுந்திரிச்சு சாப்பிடுன்னு அடையும் தண்ணியும் வச்சான், திரும்பத் தூங்க விட்டான், அப்புறம் இன்னொரு தடவை சாப்பாடு. அவ்வளவுக்கு அப்புறம்தான் அடுத்த பேச்சு.

வேலைய விடலாமா?

நான் வக்கீல் இல்ல, மன ஆலோசனை சொல்ற கவுன்சிலர். ஆனா இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

இப்போ 2,300 வெள்ளி சம்பளத்துல உங்க பங்கு 11 சதவீதம், முதலாளி பங்கு 13 சதவீதம், ரெண்டும் சேந்து இபிஎஃப்ல (ஊழியர் சேமநிதி) மாசம் 552 வெள்ளி விழுது. வருஷத்துக்கு 6,624. வேலைய விட்டா 2,300 போயி 800 வர்றது மட்டும் இல்ல, இந்த 552-ம் நிக்குது. சொக்சோ காப்புறுதியும் நிக்குது, வேலைக்குப் போற வழியில ஏதாவது ஆனாக்கூட இன்னைக்கு உங்களுக்கு அதுல பாதுகாப்பு இருக்கு. அம்மாவக் கூட்டிட்டு வர்ற செலவே மாசம் 250 வெள்ளிக்கு மேல போகும், 800-ல அது போக மீதி என்ன? உங்க 55 வயசுல உங்களுக்கு யாரு வான் எடுப்பாங்கன்னு யாராவது கேட்டாங்களா?

"அன்பின் காணிக்கை"ங்கற பேர பத்தி ஒண்ணு. சபையா இருந்தாலும் சரி, நேரம் குறிச்சு, வேலை சொல்லி, மாசாமாசம் பணம் குடுத்தா அது சம்பளமா காணிக்கையாங்கற கேள்வி கண்டிப்பா வரும். சம்பளம்னா குறைஞ்சபட்சம் 1,700 வெள்ளி, 2025 ஆகஸ்ட்லேருந்து ஒரே ஒரு ஆள் வேலைக்கு வச்சிருக்கிறவங்களுக்கும் அதுதான். போதகர் ஏமாத்தப் பாக்குறார்னு நான் சொல்லல, முப்பது குடும்பம் இருக்கிற சபைக்கு 800-ஏ பெருசு, அவருக்கே என்ன கெடைக்குதோ. ஆனா உண்மையாவே முழுநேர ஊழியம்னா என்ன வேலை, எத்தனை மணி நேரம், எத்தனை வருஷம், இபிஎஃப் உண்டா, லீவு உண்டா, அம்மாவுக்கு முடியாமப்போனா என்ன, இதெல்லாம் எழுத்துல வேணும். பக்கத்துல இருக்கிற தொழிலாளர் இலாகாவுல போய்க் கேட்டா காசு வாங்காம விளக்கிச் சொல்வாங்க. எழுத்துல குடுக்க யோசிக்கிறாங்கன்னா நீங்களும் யோசிங்க.

என் அபிப்பிராயம் கேட்டீங்கன்னா, இப்போ வேணாம். அழைப்பு இல்லங்கறதுனால இல்ல, அத என்னால சொல்ல முடியாது. களைச்சுப்போயி இருக்கிறப்ப ஒரு பெரிய முடிவு எடுக்கிறவங்க பெரும்பாலும் ஒரு பாரத்த இறக்கத்தான் எடுக்கிறாங்க, உங்களுக்கு அந்த முடிவு சபைப் பாரத்த ரெண்டு மடங்காக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு வருஷம் கழிச்சு, நல்லாத் தூங்கி எழுந்த ஒரு ஆளா இருந்து திரும்பக் கேட்டுப் பாருங்க.

போதகர் சொன்ன பவுலோட வசனத்துக்கு வர்றேன், அது 1 கொரிந்தியர்ல இருக்கு. போதகர் 7-ஆம் அதிகாரம் 34-ஆம் வசனத்தோட நிறுத்திட்டார். அடுத்த வசனத்துலயே பவுல், உங்களக் கண்ணியில மாட்டிவிட நான் இதச் சொல்லல, உங்க சொந்தப் பிரயோஜனத்துக்காகத்தான் சொல்றேன்னு எழுதுறார். கண்ணிங்கற வார்த்தையே அங்க இருக்கு. கல்யாணம் ஆகாதது ஒரு சுதந்திரம்னு அவர் சொன்னார், சபை அத காலியா கெடக்கிற நிலம்னு நெனச்சு ஆளாளுக்கு வேலி போட்டுக்கிச்சு. உங்களுக்குக் குடும்பம் இல்லன்னு யார் சொன்னது? திங்கள், புதன், வெள்ளி நாலு நாலு மணி நேரம் மெஷின்ல படுத்திருக்காங்களே, அவங்க யாரு? கொர்பான்னு சொல்லி அப்பா அம்மாவுக்குச் செய்யவேண்டியத தேவனுக்குக் குடுத்துட்டேன்னு கணக்குக் காட்டினவங்கள இயேசு எவ்வளவு கோவமாப் பேசினார்னு மாற்கு 7-ல இருக்கு. உங்க கடிதத்துல ஒரு இடத்துல "அம்மா வேலையெல்லாம் முடிச்சிட்டு அப்புறம் ஊழியம்"னு எழுதியிருக்கீங்க. அந்த "அப்புறம்"ங்கற வார்த்தைய எடுத்துடுங்க.

முறைன்னு ஒண்ணு இருந்துச்சு

யோவான்ஸ்நானனோட அப்பா சகரியாவ பத்தி யாரும் இந்தக் கோணத்துல பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்ல. ஆசாரியர்கள தாவீது 24 வகுப்பா பிரிச்சு வச்சிருந்தார், சகரியா அபியா வகுப்பு. ஒவ்வொரு வகுப்பும் தன் முறை வர்றப்ப ஆலயத்துக்கு வரும், பண்டிகை நாள் போக வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஒவ்வொரு வாரம். லூக்கா 1:23-ல ஒரு சின்ன வரி இருக்கு, "அவனுடைய ஊழியத்தின் நாட்கள் நிறைவேறினவுடனே தன் வீட்டுக்குப் போனான்." தேவதூதன பாத்த மனுஷன், வாய் பேச முடியல, அப்படியும் முறை முடியிற வரைக்கும் இருந்துட்டு, முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிட்டார். தூதன் சொன்ன வார்த்தை நிறைவேறினது ஆலயத்துல இல்ல, வீட்ல. லேவியர்களுக்கும் 50 வயசானா பாரமான வேலைய விட்டுட்டு சகோதரருக்கு ஒத்தாசையா இருந்தாப் போதும்னு எண்ணாகமம் 8-ல சட்டமே இருக்கு.

உங்க ஏழு வேலைக்கும் ஒண்ணுக்காவது முடிவுத் தேதி இருக்கா? கீபோர்டு நாலு வருஷத்துக்கு முன்னாடி "இந்த ஈஸ்டருக்கு மட்டும்"னு ஆரம்பிச்சதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. யாரும் உங்கமேல திட்டம் போட்டு ஏத்தல, இறக்கறதுக்கு ஒரு நாள் குறிக்கல, அதான் வினை. நாங்க தோட்டத்துல இருந்தப்ப பாதிரியார் மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவார், மத்த ஞாயித்துக்கிழமையெல்லாம் யாராவது ஒரு தாத்தா பைபிள் வாசிப்பார், யாராவது ஒரு அம்மா பாட்டு எடுப்பாங்க, வீட்டு வீட்டுக்கு முறை வச்சு சர்ச்சு கூட்டுவாங்க. பெருசா ஒண்ணும் அழகா நடக்கல, ஆனா யாரும் காய்ஞ்சும் போகல. அப்புறம் தோட்டம் கலைஞ்சு, பால்மரம் போயி செம்பனை வந்து, சனங்க தாமான் குடியிருப்புக்குப் போயி, பிள்ளைங்க கோலாலம்பூர், சிங்கப்பூர்னு போயி, இருக்கிற நாலு பேர் தலையில எல்லாம் விழுந்துச்சு. உங்க போதகர் தலையிலயும்தான்.

என்ன செய்யலாம்

உங்க கடிதம் மூணு பக்கம். அதுல ஒரே ஒரு இடத்துலதான் உயிர் இருக்கு. மூணாவது தோட்டத்துல, பழைய கொட்டகையில ஒன்பது பிள்ளைங்களுக்கு நீங்க கதை சொல்றது, சிமெண்ட் தரையில சாக்பீஸ்ல நோவா பேழை வரையறது, ஒரு குட்டிப் பொண்ணு கைலியப் புடிச்சுக்கிட்டு "டீச்சர், நாளைக்கும் வருவீங்களா"ன்னு கேட்டது. சபைத்தாள பத்தி எழுதினப்ப அப்படி ஒரு வரி இல்ல. அத வச்சுக்கோங்க. அதோட இன்னொண்ண வேணும்னா வச்சுக்கோங்க, கீபோர்ட் பிடிக்கும்னா கீபோர்ட். மத்தத திருப்பிக் குடுங்க, ஒரே நாள்ல இல்ல, மூணு மாசத்துல.

ஒரு தாள்ல ஏழு வேலையையும் எழுதி, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல யார் செய்ய முடியும், எப்போ கைமாத்தலாம்னு எழுதுங்க. வான் ஓட்ட லைசென்ஸ் இருக்கிற ஆம்பளைங்க முப்பது குடும்பத்துல இல்லாமலா போவாங்க, ரெண்டு பேர் வாரம் மாத்தி வாரம் எடுக்கலாம். எஸ்பிஎம் பரீட்சை முடிச்சிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பசங்க சபைத்தாள போன்லயே செஞ்சு குரூப்ல போட்டுடுவாங்க, உங்களவிட அழகா. துடைக்கிறது குடும்பத்துக்கு ஒரு வாரம், போதகர் குடும்பத்தையும் சேத்து. கொயர சனிக்கிழமைக்கு மாத்த முடியுமான்னு கேளுங்க. புதன் ஜெபத்துக்கு மாசத்துல ரெண்டு தடவை வர்றேன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க, யார்கிட்டயும் அனுமதி வேணாம்.

இத ஆராதனை முடிஞ்சு வாசல்ல நின்னு சொல்லாதீங்க. ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி போதகர் வீட்டுக்கே போங்க, அவங்க சம்சாரமும் இருக்கட்டும். இப்படிச் சொல்லலாம்: "ஐயா, நான் வான் ஓட்டிக்கிட்டே தூங்கிட்டேன். எனக்குப் பயமா இருக்கு. டிசம்பர் வரைக்கும் சண்டே ஸ்கூலும் கீபோர்டும் செய்யறேன், மத்தத கைமாத்த இந்தத் தாள்ல எழுதிக் கொண்டாந்திருக்கேன். முழுநேரம் பத்தி அடுத்த வருஷம் பேசுவோம்." மன்னிப்புக் கேக்காதீங்க, காரணத்த நீட்டாதீங்க. மோசேயோட மாமனார் எத்திரோ, காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒத்த ஆளா நியாயம் விசாரிச்ச மருமகன பாத்து, நீர் செய்யறது நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், ஜனமும் தொய்ந்துபோகும்னு சொன்னார்ல, போதகர் பைபிள எடுத்தா நீங்களும் அந்த யாத்திராகமம் 18-அ எடுங்க, சிரிச்சுக்கிட்டே.

சிலது நின்னுபோகும், அதுக்குத் தயாரா இருங்க. சபைத்தாள் ரெண்டு வாரம் வராது. ஏதோ ஒரு ஞாயிறு வான் லேட்டாகும், ஒரு அம்மா முகத்த திருப்பிக்குவாங்க, "பின்வாங்கிட்டா"ன்னு ஒரு பேச்சு சுத்தும், உங்க காதுக்கும் வரும். ஓடிப்போய் திரும்ப எடுத்துக்கிட்டீங்கன்னா மூணு மாச உழைப்பு போச்சு. கொஞ்சம் அப்படியே கெடக்கட்டும், யாராவது குனிஞ்சு எடுப்பாங்க.

வேலை இடத்துலயும் ஒண்ணு கேட்டுப் பாருங்க. 2023 ஜனவரியிலேருந்து நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்துல வேலை நேரத்த மாத்திக் கேட்டு எழுத்துல மனு குடுக்க வழி இருக்கு. முதலாளி 60 நாளுக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும், முடியாதுன்னா காரணம் சொல்லணும். டயாலிசிஸ் நாள்ல மட்டும் ஒன்பதுக்கு வந்து ஆறுக்கு இறங்குறேன்னு கேட்டா, உங்க மேனேஜர் மனுஷனா இருந்தா குடுப்பார். சென்டர்ல ரெண்டாவது ஷிப்ட்ல இடம் வந்தா சொல்லச் சொல்லியும் பேர் குடுத்து வைங்க.

அண்ணன பத்தி ரெண்டே வரிதான் எழுதியிருக்கீங்க, அவருக்குப் பிள்ளைங்க இருக்கு பாவம்னு. தங்கச்சி, அவருக்கும் அவங்க அம்மாதான். பிள்ளைங்க இருக்கிறவங்களுக்கு அம்மா இல்லாமப் போயிடறதில்ல. "முடிஞ்சா உதவி பண்ணுங்க"ன்னு கேட்டா முடியலன்னு பதில் வரும், அதனால தொகையும் நாளும் சொல்லிக் கேளுங்க: மாசம் 260 வெள்ளி அம்மா கார் செலவுக்கு, ரெண்டு மாசத்துக்கு ஒரு சனி ஞாயிறு வந்து அம்மாகூட இருக்கணும். போன்ல சொல்லத் தயக்கமா இருந்தா எழுதி அனுப்புங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் எழுதுங்க, அவர் என்ன சொல்வார்ங்கறதப் பொறுத்து அடுத்தத யோசிப்போம்.

முதல் வெள்ளிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. வான் சாவிய அதுக்கு முந்தின வியாழக்கிழமையே போதகர் கையில குடுத்துடுங்க, கடைசி நேரம்னா உங்க மனசு இளகிடும்.